முட்டுச்சந்தா, குறுக்குத்தெருவா, கேட்டட் கம்யூனிட்டியா? சென்னையில் வீடு தேடுகிறவர்களுக்கு

என் தங்கை வீட்டுக்காரர் ஓர் எக்செல் ஷீட் வைத்திருக்கிறார். ஆறு மாதமாக வீடு தேடியதில் அது வளர்ந்து வளர்ந்து இப்போது பதினெட்டு காலம் (நெடுவரிசை) ஆகிவிட்டது. சதுர அடி, யூ.டி.எஸ். (மனையில் நமக்கு வரும் பங்கு), கார் பார்க்கிங், போர் தண்ணீரா லாரித் தண்ணீரா, வாஸ்து, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், லிஃப்ட் எந்தக் கம்பெனி என்பது வரை எல்லாம் உண்டு. தெருவுக்கு மட்டும் ஒரு காலம் இல்லை. கேட்டால், "ரோடு இருக்கு மச்சான், முப்பதடி ரோடு" என்றார். முப்பதடி சரி, அந்த ரோடு எங்கே போய் முடிகிறது என்று கேட்டேன். யோசித்தார். வீட்டை நாலு தடவை பார்த்தவர் தெருவின் மறுமுனையை ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை.

கடைசி வடிகட்டலில் நிற்பவை மூன்று. ஒன்று, அண்ணா நகரில் முப்பது வருடப் பழைய கட்டிடத்தில் இரண்டாம் மாடி, 780 சதுர அடி, லிஃப்ட் கிடையாது. இரண்டாவது, மேடவாக்கம் தாண்டி உள்ளே தள்ளி ஒரு லேஅவுட்டில் தனி வீடு, முக்கால் கிரவுண்ட் மனை, வாசலில் ஒரு முருங்கை மரம். மூன்றாவது, ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில் நாவலூர் பக்கம் ஒரு கேட்டட் கம்யூனிட்டியில் பதினோராவது மாடி, 1,250 சதுர அடி, நீச்சல் குளம், ஜிம், எல்லாம். விலை மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், அதனால்தான் இத்தனை குழப்பம். வீட்டில் ஐந்து பேர்: தங்கை, மாப்பிள்ளை, இரண்டு பிள்ளைகள், மாப்பிள்ளையின் அம்மா. ஒரு கார், ஒரு ஸ்கூட்டி. மாப்பிள்ளைக்கு ஆபீஸ் கிண்டியில்.

நான் இந்த மூன்றையும் தெருவை மட்டும் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறேன். விலை, வாஸ்து, டைல்ஸ் எல்லாம் எக்செல் பார்த்துக்கொள்ளும்.

தெருவை ஏன் இப்படிப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்றால், வீட்டில் நமக்குப் பிடிக்காததை எல்லாம் காசு இருந்தால் மாற்றிவிடலாம், இடித்தே கட்டலாம், ஆனால் தெருக்கோடு ஒருமுறை விழுந்துவிட்டால் அதை அசைக்க யாராலும் முடிவதில்லை. மதுரையில் ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாகப் போகிற தெருக்கள் நாயக்கர் காலத்தில் ஒழுங்குபட்டவை. அதன் இரண்டு பக்கமும் இருந்த வீடுகள் எத்தனையோ முறை இடிந்து, எழும்பி, கடையாகி, லாட்ஜ் ஆகிவிட்டன, தெரு மட்டும் போட்ட இடத்திலேயே இருக்கிறது. கிறிஸ்டோபர் பேரிங்டன்-லீ, ஆடம் மில்லார்டு-பால் என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பையும் செயற்கைக்கோள் படங்களையும் வைத்து உலகம் முழுக்க இருக்கிற நகரத் தெருக்களை ஆராய்ந்து 2020-ல் வெளியிட்ட கட்டுரையும் இதைத்தான் சொல்கிறது. 1975-க்குப் பிறகு உலகின் பெரும்பகுதியில் புதிதாக முளைத்த குடியிருப்புகளின் தெருக்கள், முந்தையவற்றைவிட மேலும் மேலும் துண்டுபட்டவை, முட்டுச்சந்துகள் கூடியவை, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. இப்படி ஒருமுறை அமைந்த ஊர் பின்னால் திருந்துவது அபூர்வம். அமெரிக்காவில்கூட 1990-களின் நடுவில் அது உச்சம் தொட்டு, அப்புறம் புதிதாகப் போடுகிற தெருக்களில் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். ஏற்கெனவே போட்டது போட்டபடியே கிடக்கிறது.

சரி, தெருவை எப்படி அளப்பது? நான் இரண்டு கணக்கு வைத்துக்கொண்டேன், இரண்டுக்கும் போனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் போதும்.

முதல் கணக்கு சுற்றல். வீட்டிலிருந்து நாம் அடிக்கடி போக வேண்டிய ஓர் இடத்தை, பால்கடையோ பஸ் ஸ்டாப்போ, எடுத்துக்கொள்ளுங்கள். மேப்பில் நேர்கோட்டில் எவ்வளவு தூரம், வழியாகப் போனால் எவ்வளவு தூரம் என்று பார்த்து வழித் தூரத்தை நேர்கோட்டுத் தூரத்தால் வகுங்கள். தெருக்கள் சதுரங்கக் கட்டம் மாதிரி இருக்கிற ஊரில் அதிகபட்சமே 1.41-தான் வரும், சராசரி 1.27. எந்தப் பக்கம் போனாலும் நேர்கோட்டைவிட ஒன்றரை மடங்குக்குள் அடங்கிவிடும் என்று அர்த்தம். இரண்டைத் தாண்டினால் தினமும் யாருக்காகவோ நடக்கிறோம் என்று பொருள்.

இரண்டாவது கணக்கு முனைகள். வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் தெருக்கள் சந்திக்கிற இடங்களைப் பாருங்கள். நாலு பக்கமும் பிரிகிற நாற்சந்தி எத்தனை, மூன்றாகப் பிரிகிற முச்சந்தி எத்தனை, முட்டிக்கொண்டு நிற்பது எத்தனை. ஐ.நா.வின் குடியிருப்பு அமைப்பு ஒரு சதுர கிலோமீட்டருக்கு 18 கிலோமீட்டர் தெருவாவது வேண்டும், சந்திப்புகள் நூறு வாக்கில் வேண்டும் என்கிறது. கேட்க அதிகமாகத் தோன்றும். நூறு மீட்டருக்கு ஒரு தெரு என்று குறுக்கும் நெடுக்கும் போட்டாலே 20 கிலோமீட்டர் தெருவும் நூறு சந்திப்பும் வந்துவிடும், பெரிய கம்பசூத்திரம் ஒன்றும் இல்லை.

இந்த இரண்டு கணக்கிலும் அண்ணா நகர் சுலபமாக ஜெயிக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். வீட்டு வசதி வாரியம் போட்ட ஊர் அது. 1968-ல் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்து டவர் கட்டிய இடத்தைச் சுற்றி எழுபதுகளில் வளர்ந்தது. அவென்யூ, மெயின் ரோடு, தெரு என்று அகலம் அகலமாகப் பிரித்துப் போட்டிருப்பதால் தூரத்து வண்டிகள் அவென்யூவில் போகும், வீட்டுக்காரர்கள் தெருவில் போவார்கள். சென்னையில் இந்த மாதிரி முன்கூட்டியே கோடு போட்டு வளர்த்த இடங்கள் கொஞ்சம்தான். 1920-ல் மதராஸ் நகரமைப்புச் சட்டம் வந்த பின் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத் தி.நகர் போட்டார்கள் (ஏரியை மூடியது நல்ல காரியமா என்பது வேறு சண்டை, இங்கே வேண்டாம்). அப்புறம் அடையாறு காந்தி நகர், அசோக் நகர், கே.கே. நகர், பெசன்ட் நகர், அண்ணா நகர். இவை எல்லாவற்றிலும் ஒரே கை கோடு போட்டது, மனைகளை அப்புறம்தான் விற்றார்கள். இந்த வரிசைதான் முக்கியம். முதலில் தெரு, பிறகு மனை.

அண்ணா நகர்த் தெருக்களின் பலம் சாதாரண நாளில் தெரியாது. மெட்ரோ வேலைக்காக இரண்டாவது அவென்யூவை ஆண்டுக்கணக்கில் தோண்டிப் போட்டிருந்தார்கள், 2017 மே மாதம் திருமங்கலத்திலிருந்து நேரு பூங்கா வரை சுரங்க ரயில் ஓடத் தொடங்கும் வரை அந்தப் பக்கம் போகவே பயமாக இருக்கும். ஆனாலும் ஊர் நின்றுபோகவில்லை. எல்லோரும் பக்கத்துத் தெருவில் வளைந்து, அடுத்த மெயின் ரோட்டில் ஏறி, திட்டிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்கள். அதே மாதிரி வேலை இப்போது இரண்டாம் கட்ட மெட்ரோவுக்காக ஓ.எம்.ஆரில் நடக்கிறது, அங்கே வளைந்து போகப் பக்கத்துத் தெரு என்று ஒன்று இல்லை. எல்லோரும் அந்த ஒரே சாலையில் ஒன்றாக நிற்க வேண்டியதுதான்.

அண்ணா நகரிலும் குறை இல்லாமல் இல்லை. எல்லாத் தெருவும் எங்கேயோ போய்ச் சேர்வதால் எல்லாத் தெருவிலும் யாரோ போய்க்கொண்டே இருக்கிறார்கள். நாங்கள் பார்க்கப்போன வீட்டின் பால்கனியில் ஐந்து நிமிடம் நின்றதில் மூன்று டெலிவரி பைக், ஒரு டிரைவிங் ஸ்கூல் கார், ஹாரன் அடித்தே தெருவைக் கூட்டிக்கொண்டு போன ஒரு தண்ணீர் கேன் வண்டி. கீழே வீடாக இருந்தது இப்போது பல் டாக்டர் கிளினிக். எதிரில் இருந்த வீடு கஃபே, அதன் வாடிக்கையாளர்கள் நம் கேட்டுக்கு முன்னால்தான் காரை விடுவார்கள். அப்புறம் அந்த லிஃப்ட் இல்லாத மாடிப்படி. மாப்பிள்ளையின் அம்மா முதல் மாடித் திருப்பத்தில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "வீடு நல்லாத்தான் இருக்கு" என்று சொன்ன விதத்திலேயே தெரிந்துவிட்டது.

மேடவாக்கம் பக்கத்து லேஅவுட்டைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைக்குத் தமிழ்நாட்டில் வீடு கட்டுகிறவர்களில் நிறையப் பேர் இந்த மாதிரி இடத்தில்தான் கட்டுகிறார்கள், சென்னை என்றில்லை, திருச்சி, கோவை, திருநெல்வேலி எல்லா ஊரின் ஓரத்திலும் இதே கதைதான்.

இங்கே வரிசை தலைகீழ். முதலில் வயல், வயலுக்கு வரப்பு, வரப்புக்கு ஒரு வண்டிப்பாதை. வயல்காரர் ஒருவர் இரண்டு ஏக்கரோ மூன்று ஏக்கரோ விற்கிறார், வாங்கியவர் அதற்குள் நடுவில் ஒரு ரோடு, ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மனை என்று பிரித்து, கல் நட்டு, கொடி கட்டி, வேனில் ஆள் கூட்டி வந்து விற்கிறார். பக்கத்து வயல்காரர் ஐந்து வருடம் கழித்து வேறொருவருக்கு விற்கிறார், அவர் தன் நிலத்துக்கு ஏற்றபடி வேறு திசையில் ஒரு ரோடு போடுகிறார். இரண்டு ரோடும் ஒன்றை ஒன்று பார்ப்பதே இல்லை. இப்படி இருபது முப்பது லேஅவுட் சேர்ந்தால் அது ஒரு நகர், ஆனால் ஒவ்வொன்றுக்கும் வாசல் ஒன்றுதான், அது பழைய வண்டிப்பாதை தார் ரோடாக மாறிய அந்த ஒரே மெயின் ரோட்டில் திறக்கிறது. காலையில் எட்டரை மணிக்கு அந்த மெயின் ரோடு ஏன் அப்படி நெரிகிறது என்று கேட்டால், வண்டி அதிகமாகிவிட்டது என்போம். வண்டியும் அதிகம்தான். ஆனால் பக்கத்து நகருக்குப் போகிறவனும் வேறு வழி இல்லாமல் அந்த மெயின் ரோட்டுக்கு வந்து, கால் கிலோமீட்டர் போய், மறுபடி உள்ளே திரும்ப வேண்டியிருக்கிறது.

நாங்கள் பார்த்த வீட்டுக்குப் பின்னாலேயே இன்னொரு லேஅவுட். நடுவில் ஆறடி காம்பவுண்ட் சுவர். அந்தப் பக்கம் ஒரு மளிகைக் கடை, ஒரு மெடிக்கல் ஷாப், ஷேர் ஆட்டோ நிற்கிற இடம் எல்லாம் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தெரிகிறது, நேர்கோட்டில் 90 மீட்டர் இருக்கும். ஸ்கூட்டியில் போய் அளந்தேன்: ஒரு கிலோமீட்டர் எழுநூறு மீட்டர். என் முதல் கணக்குப்படி பத்தொன்பது வருகிறது, கால்குலேட்டர் தப்போ என்று மறுபடி போட்டுப் பார்த்தேன். அந்தச் சுவரில் தரையோடு ஒட்டி ஓர் ஓட்டை இருக்கிறது, யாரோ நாலைந்து ஹாலோ பிளாக் கல்லைப் பெயர்த்து எடுத்திருக்கிறார்கள். நாங்கள் நிற்கும்போதே ஒரு பையன் முதலில் பையைத் தள்ளி, பின்னால் தானும் நுழைந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு டியூஷனுக்குப் போனான். பக்கத்து வீட்டம்மா சொன்னார், சங்கத்திலிருந்து மூன்று தடவை அடைத்தார்களாம், மூன்று தடவையும் ஒரு வாரத்தில் திறந்துகொண்டதாம். "திருடன் வர்றான்னு அடைக்கிறாங்க, ஆனா அவங்க வீட்டு வேலைக்காரம்மாவும் அது வழியாத்தான் வருது" என்றார்.

சுவர் மட்டுமா? சில லேஅவுட்டுகளில் ரோடு முடிகிற இடத்தில் ஒரே ஓர் அடி அகலத்துக்கு நிலத்தை ரோட்டோடு சேர்க்காமல், லேஅவுட் போட்டவர் தன் பெயரிலேயே வைத்திருப்பார். பின்னாலிருக்கிற நிலக்காரர் இந்த ரோட்டைப் பயன்படுத்த வேண்டும் என்றால் அந்த ஓர் அடியை அவர் சொல்கிற விலைக்கு வாங்க வேண்டும். பேரம் படியாமல் போனால் இரண்டு பக்கமும் முப்பதடி ரோடு இருந்தும் நடுவில் ஓர் அடி முள்செடியோடு நிற்கும். இன்னும் சில இடங்களில் பிள்ளையார். தெரு நேரே வந்து மனையில் முட்டினால் ஆகாது, தெருக்குத்து என்று சொல்லி ரோட்டின் முனைக்கு நேரே இருக்கிற மனைக்காரர் ஒரு சின்னப் பிள்ளையாரை வைத்துவிடுவார், அப்புறம் ஷீட் வரும், டைல்ஸ் வரும், சதுர்த்திக்கு மைக் செட் வரும். அதற்கப்புறம் அந்த ரோட்டை நீட்டலாம் என்று எந்தக் கவுன்சிலரும் வாயைத் திறக்க மாட்டார்.

அனுமதி வாங்கிய லேஅவுட்டில் இதெல்லாம் இருக்காதே என்பார்கள். ஓரளவு உண்மை. 2016 செப்டம்பரில் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டதும், 2017-ல் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்து 2016 அக்டோபர் 20-க்கு முன் போட்ட மனைகளை முறைப்படுத்தியதும் ரியல் எஸ்டேட்டில் இருக்கிற எல்லோருக்கும் மனப்பாடம். வரன்முறை ஆனதால் பத்திரம் சுத்தமானது, லோன் கிடைத்தது, நல்லதுதான். தெரு மட்டும் இருந்தபடியே இருந்தது, ஏனென்றால் வீடு கட்டிக் குடிவந்துவிட்ட இடத்தில் எங்கே போய் ரோடு விடுவது? புதிதாக அனுமதி வாங்குகிற லேஅவுட்டில் ரோட்டின் அகலத்துக்கு விதி உண்டு, 3,000 சதுர மீட்டருக்கு மேல் போனால் பத்து சதவீதம் திறந்தவெளிக்கு விட வேண்டும், ரோட்டையும் பூங்காவையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் போட்டுக் கொடுக்க வேண்டும். அகலத்தைப் பார்க்கிற அளவுக்கு அந்த ரோடு பக்கத்து நிலத்தோடு சேருகிறதா என்பதை யாரும் கறாராகப் பார்ப்பதாக எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு லேஅவுட்டும் தன் படத்துக்குள் சரியாகத்தான் இருக்கிறது. பத்துப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கோளாறு தெரியும்.

இதற்கு மாற்று இல்லை என்று நினைக்க வேண்டாம். குஜராத்தில் நூறு வருடமாகச் செய்கிறார்கள், 1915-ல் வந்த பம்பாய் நகரமைப்புச் சட்டத்திலிருந்து தொடங்கிய முறை அது. ஊர் ஓரத்தில் நூறு இருநூறு ஹெக்டேரை, அது பல பேருடைய வயலாக இருந்தாலும், மொத்தமாக ஒரே படத்தில் எடுத்துக்கொள்வார்கள். ரோடு, பூங்கா, பள்ளி, விற்பனைக்கான நிலம் எல்லாவற்றுக்கும் ஒவ்வொருவரிடமிருந்தும் ஒரு பங்கு, சட்டப்படி நாற்பது சதவீதம் வரை, கழித்துக்கொண்டு மீதியை நேராக்கிய மனையாக அவரவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கோணல்மாணல் வயலைக் கொடுத்தவருக்கு ரோட்டு முகப்போடு சதுரமான மனை கிடைக்கிறது, அளவு குறைந்தாலும் விலை கூடிவிடுவதால் அவருக்கும் நஷ்டம் இல்லை. அகமதாபாத்தைச் சுற்றி 76 கிலோமீட்டர் ரிங் ரோடு போட்டபோது நிலத்தில் பெரும்பகுதியை இப்படித்தான் சேர்த்தார்கள். பணக்கார ஊருக்குத்தான் இதெல்லாம் முடியும் என்பதும் இல்லை. பெரு நாட்டில் லிமாவுக்குத் தெற்கே பாலைவன மணலில் 1971-ல் வீடில்லாத ஏழைகள் குடியேறிய வில்லா எல் சால்வடோர் என்கிற இடத்தை மேப்பில் திறந்து பாருங்கள். வீடு அன்று பாயும் தட்டியும்தான், தெருக்கள் ஆரம்பத்திலேயே ஸ்கேல் வைத்துப் போட்டவை. வீடுகள் பிறகு மெதுவாகக் கல்வீடு ஆயின.

நம்மூரிலும் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் எல்லை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 2022-ல் 5,904 ஆகிவிட்டது. அத்தனை வயலும் ஏரியும் இனிமேல்தான் லேஅவுட் ஆகப்போகின்றன. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தங்கைக்கு வீடு வாங்கி முடியாது.

இப்போது ஓ.எம்.ஆர். இந்த ஊருக்கு முதுகெலும்பு மட்டும் உண்டு, விலா எலும்பு கிடையாது. கிழக்கே பக்கிங்காம் கால்வாய், மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பும் ஏரிகளும், நடுவில் 2008-ல் ஆறு வழியாக்கிய ஒரு நீளச் சாலை. நாவலூரிலிருந்து கால்வாயைத் தாண்டிக் கடலோரச் சாலையான ஈ.சி.ஆருக்குக் காரில் போக வேண்டுமென்றால் சோழிங்கநல்லூரில் ஓர் இணைப்பு, அதை விட்டால் தெற்கே கேளம்பாக்கம் போய்க் கோவளம் சாலை. கடல் காற்று வீட்டுக்குள் வரும், கடற்கரைக்குப் போகத்தான் வழி கிடையாது. பாங்காக் போய் வந்தவர்களுக்கு இது புரியும், அங்கேயும் பெரிய சாலையிலிருந்து சோய் என்கிற சந்துகள் உள்ளே நீளமாகப் போய்ப் பல அப்படியே முட்டிக்கொண்டு நிற்கும். அந்த ஊரின் டிராஃபிக்கைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது?

அந்தச் சாலையிலிருந்து ஒரு கிளை, கிளையின் முனையில் கேட். கேட்டுக்குள்ளே போய்விட்டால் உலகமே வேறு. நடைபாதையில் டைல்ஸ், இரண்டு பக்கமும் பூவரசு (அதைப் பார்த்துத்தான் எனக்கே மனம் இளகியது), எட்டு வயதுப் பெண் பிள்ளை தனியாகச் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகிறாள், பின்னால் யாரும் ஓடவில்லை. சென்னையில் வேறு எங்கே இதைப் பார்க்க முடியும்? உள்ளே மட்டும் என் இரண்டு கணக்கையும் போட்டால் அண்ணா நகரையே தூக்கி அடித்துவிடும். ஆனால் வெளியே போக வாசல் ஒன்று. பதினோராவது மாடியிலிருந்து லிஃப்ட், பிளாக் வாசல், கேட், கிளைச் சாலை, ஓ.எம்.ஆர்., எதிர்ப்பக்கம் போக யூ டர்ன். பஸ் ஸ்டாப் வர நடந்தே இருபத்திரண்டு நிமிடம் ஆனது, நான் மெதுவாக நடப்பவன் இல்லை.

எனக்கு உறுத்தியது வேறொன்று. செக்யூரிட்டியாக இருக்கும் பெரியவர் அந்தப் பக்கத்துக் கிராமத்துக்காரர். மதில் வருவதற்கு முன் அவர்கள் ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்கு இந்த நிலத்தின் வழியாக ஒற்றையடிப்பாதை இருந்ததாம், ஆடு ஓட்டிக்கொண்டு பத்து நிமிடத்தில் வந்துவிடுவாராம். இப்போது மதிலைச் சுற்றிக்கொண்டு வேலைக்கு வருகிறார், சைக்கிளில். பெரிய நிலத்தை மதில் கட்டி அடைக்கும்போது உள்ளே இருக்கிறவர்கள் மட்டும் அடைபடுவதில்லை. பின்னால் இருக்கிற ஊர், அதற்குப் பின்னால் நாளைக்கு வரப்போகிற இன்னொரு கேட்டட் கம்யூனிட்டி எல்லாமே மாட்டிக்கொள்கின்றன. அப்புறம் எல்லோரும் சேர்ந்து ஓ.எம்.ஆரில் நிற்கிறோம்.

வெள்ளத்தைச் சொல்லாமல் சென்னையில் எந்த வீட்டுப் பேச்சும் முடியாது. 2015 டிசம்பரில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் படகில் ஆட்களை எடுத்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கமெல்லாம் மூழ்கியது. வீட்டுக்குள் தண்ணீர் வருவது ஒரு கஷ்டம் என்றால், வீட்டுக்குள் வராமலே, ஒரே வாசலில் இடுப்பளவு நின்று எல்லோரையும் உள்ளே பூட்டிவிடுவது இன்னொரு கஷ்டம். பதினோராவது மாடியில் தண்ணீர் வராது என்று புரோக்கர் சொன்னார். வாஸ்தவம். பாலும் வராது. வழி நாலு இருந்தால் ஒன்றாவது மேட்டில் இருக்கும் என்கிற சாத்தியம்தான் தெருக்கள் பின்னிக் கிடப்பதன் பெரிய லாபம், 108 வண்டிக்கும் அதே கணக்கு.

இதையெல்லாம் தங்கையிடம் சொன்னேன், கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிட்டேன் போல. அவள் கேட்டுவிட்டு, "அண்ணா, நீ வெளியே போறதையே பாக்கிற. நான் ரெண்டு பிள்ளைங்க வாசல்ல விளையாடுறதைப் பாக்கிறேன். முட்டுச்சந்துல வண்டி வராது, அதுதான் எனக்கு வேணும்" என்றாள். எனக்குப் பதில் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அவள் சொல்வது சரி. நாங்கள் இருவரும் வளர்ந்ததே ஒரு முட்டுச்சந்தில்தான், கிரிக்கெட் ஸ்டம்பை மாலையில் எடுத்து உள்ளே வைக்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. யோசித்துப் பார்த்தால் அந்தச் சந்தின் முனையில் கார் போகாதே தவிர ஆள் போக ஓர் இடுக்கு இருந்தது, அது வழியாகத்தான் பள்ளிக்கூடம் போனோம், அம்மா கீரை வாங்கப் போனாள். டென்மார்க், ஜெர்மனி போன்ற நாடுகளில் இதை வேண்டுமென்றே செய்கிறார்கள், காருக்கு முட்டுச்சந்து, நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் திறந்த வழி. நம்மூரில் அந்த வேலையை இப்போதைக்குச் சுவரில் ஹாலோ பிளாக்கைப் பெயர்த்தவர் செய்துகொண்டிருக்கிறார்.

ஆகவே என் முடிவு இது. ஓ.எம்.ஆர். வீட்டை நான் கடைசியில் வைக்கிறேன். ஆபீஸும் பள்ளியும் அதே சாலையில் இருக்கிறவர்களுக்கு அது நல்ல தேர்வாக இருக்கலாம், கிண்டிக்குப் போகிற மாப்பிள்ளைக்கு இல்லை. அண்ணா நகர், தெருவை மட்டும் பார்த்தால் முதலிடம், சந்தேகமே இல்லை. அந்த மாடிப்படியில் தினமும் ஏறப்போவது நான் இல்லை என்பதால் அதில் நான் அடம்பிடிக்க முடியாது. லிஃப்ட் இருக்கிற, இதே மாதிரி பின்னிய தெருக்கள் உள்ள வேறு இடம் கிடைக்குமா என்று இன்னும் இரண்டு வாரம் தேடச் சொன்னேன், கே.கே. நகரிலும் பாருங்கள் என்றேன். பட்ஜெட்டைச் சொல்லி மாப்பிள்ளை சிரித்தார்.

மிச்சம் லேஅவுட் வீடு. அதை வாங்கலாமா என்பது அந்த ஏரியாவைப் பொறுத்ததில்லை, அந்த லேஅவுட் படத்தைப் பொறுத்தது. லேஅவுட் படத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ரோடும் முடிகிற இடத்தை விரலால் தொட்டுப் பாருங்கள். ரோடு கடைசி மனையில் போய் முட்டினால் அது என்றைக்கும் முட்டுச்சந்துதான், அங்கே வீடு வந்துவிடும். ரோடு முழு அகலத்தோடு எல்லைக்கோட்டைத் தொட்டு நின்றால், அந்தப் பக்கம் இன்றைக்குப் புதராகவே இருந்தாலும், நாளைக்குத் திறக்க வாய்ப்பு உண்டு. அந்த ரோடு உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் ஆகியிருக்கிறதா, கடைசி ஓர் அடியும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது, புல எண்ணை (சர்வே நம்பர்) வைத்து எஃப்.எம்.பி. என்கிற நில அளவை வரைபடத்தை எடுங்கள், அரசு இணையதளத்திலேயே கிடைக்கும். பழைய வண்டிப்பாதைகள் அதில் கோடாக இருக்கும். கிராம நிலங்களின் கணக்கான ஏ-பதிவேட்டில் வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று இருந்தால் அதன் மேல் யார் சுவர் கட்டியிருந்தாலும் அது பொதுவழிதான், கேட்க உரிமை இருக்கிறது.

மாப்பிள்ளை நேற்று ராத்திரி எக்செல்லில் பத்தொன்பதாவதாக ஒரு காலம் சேர்த்து அனுப்பினார், தலைப்பு "எங்க போய் முடியுது". மேடவாக்கம் வீட்டுக்கு நேரே கேள்விக்குறி போட்டிருக்கிறார். எஃப்.எம்.பி.யை இறக்கிப் பார்த்ததில் அந்தச் சுவர் இருக்கிற இடத்தை ஒட்டி இரட்டைப் புள்ளிக்கோடு ஒன்று போகிறது, அது வண்டிப்பாதையா, வெறும் வரப்பா என்று எங்களுக்குப் படிக்கத் தெரியவில்லை. திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு வி.ஏ.ஓ. ஆபீஸ் போகிறோம்.